மொட்டைமாடிக்கு மேலே ஓர் அலை

பொம்மையூர்க்காரரின் வீட்டுக்கு மேல் பத்தொன்பது வருடமாக ஒரு கடலலை விழுந்துகொண்டிருக்கிறது. வந்த நாளில் மொட்டைமாடியிலிருந்து மூன்று ஆள் உயரத்தில் இருந்தது. வருடத்துக்கு ஒரு சாண் இறங்குகிறது. சினிமாவில் ஊரை மூழ்கடிக்க வேண்டுமென்றால் அந்நாளில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இடுப்புயரக் கட்டடங்களால் பொம்மை ஊர் கட்டி, மேலே தொட்டியைத் திறந்துவிடுவார். ஊரைச் சிறிதாக்கலாம், தண்ணீர்த் துளியைச் சிறிதாக்க முடியாது. அதனால் கேமராவைப் பல மடங்கு வேகமாக ஓட்டுவார்கள். அதை வழக்கமான வேகத்தில் திரையிட்டால் அலை மெதுவாக, கனமாக விழும். ஒருமுறை வேலை நெருக்கியது. கடைசி வீட்டுக்கு யோசிக்க நேரமில்லாமல் தன் வீட்டையே செய்துவைத்தார், கொடியில் மகளின் பள்ளிச் சட்டை உட்பட. ஷாட் முடிந்து வீடு திரும்பினால் தலைக்கு மேல் அலை. கேமரா ஓடிய வேகத்துக்கு அது மெதுவாகத்தானே வரும்.

அக்கம்பக்கத்தார் ஒரு வாரம் அண்ணாந்து பார்த்தார்கள், பிறகு அதன் நிழலில் வண்டி நிறுத்தத் தொடங்கினார்கள். மனைவிக்கு மட்டும் பழகவில்லை. மகளை அழைத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. தான் செய்த அலைக்குத் தானே பயந்து ஓடுவதா என்று அவருக்கு வீம்பு. வீம்பு துணைக்கு வந்து பேசுமா? ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சுவரோடு பேசிக்கொண்டு கிடந்தார். கம்ப்யூட்டர் வந்தபின் வேலைக்கும் யாரும் கூப்பிடவில்லை.

மகள் அந்தக் கம்ப்யூட்டர் வேலைக்கே போனாள். அலை வந்த பதினைந்தாம் வருடம், அவள் ஒரு மாதம் உட்கார்ந்து செய்த வெள்ளத்தை, கனமே இல்லை என்று இயக்குநர் தள்ளிவிட்டார். அப்போதுதான் அவளுக்கு அப்பா ஞாபகம் வந்தது. மூன்று நாள் மொட்டைமாடியில் மல்லாந்து படுத்து, நுரை எங்கே உடைகிறது என்று படம் எடுத்தாள். தன்னைப் பார்க்கத்தான் வந்தாள் என்று முதல் நாள் மட்டும் அவர் நினைத்தார். ஆனாலும் மூன்று நாளும் இரண்டு தட்டு வைத்தார்.

கிளம்பும்போது மகள் சொன்னாள்: "அந்தப் பழைய ஷாட்ட கம்ப்யூட்டர்ல ஏத்தி இந்த அலைய அழிச்சிடலாம்ப்பா. ஒரு மணி நேர வேலை."

"வேண்டாம்மா," என்றார் அவர் அவசரமாக. "அழிச்சிட்டா நீ எதப் பாக்க வருவ?"

மகள் பையைக் கீழே வைத்தாள். அன்றைய வண்டியை விட்டுவிட்டாள்.

அதன்பின் வெள்ளப் படம் இல்லாத வருடங்களிலும் வருகிறாள். அலை இப்போது கைப்பிடிச் சுவரைத் தொட்டுவிட்டது. அப்பாவும் மகளும் மாடியில் குனிந்தபடிதான் டீ குடிக்கிறார்கள்.