கேட்கிற முகம்

மைக்கில் அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்த பிறகுதான், மூன்றாவது வரிசையில் என் மனைவி மாதேஸ்வரி உட்கார்ந்திருப்பது எனக்கு உறைத்தது.

“அந்தக் காலத்து ஹாலிவுட் நாயகிகள் வசனம் பேசும்போது நடிப்பதில்லை. எதிரே இருப்பவன் பேசுவதைக் கேட்கிறார்களே, அங்கேதான் நடிக்கிறார்கள்.”

ஓசூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் முப்பது பேர் கைதட்டினால் எவ்வளவு சத்தம் வரும்? நிறைய வந்தது. மாதேஸ்வரியும் தட்டினாள். மடியில் இருந்த பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, மற்றவர்கள் நிறுத்தும்வரை தட்டினாள். அந்த வாக்கியம் அவளுடையது.

நான் தீர்த்தகிரி. மூக்கண்டப்பள்ளியில் வீடு, பக்கத்திலேயே பைக்குக்குப் பல்சக்கரம் செய்கிற கம்பெனியில் இருபத்தாறு வருஷமாகக் குவாலிட்டி செக்கிங் வேலை. பழைய ஆங்கிலக் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பற்றி வலைப்பூவில் எழுதுகிறேன். எனக்கு எப்போதும் கொஞ்சம் திமிரான அபிப்பிராயங்கள் உண்டு. தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஆம்பிளையை நக்கலடிக்கிறவள் என் கட்சி. ஜன்னலோரம் நின்று கண்ணீர் விடுகிறவளைக் கண்டால் எரிச்சல். இதையே சுற்றிச் சுற்றி எழுதினேன். முதல் வருஷம் பதினோரு பேர் படித்தார்கள். அதில் இரண்டு பேர் நான்தான், என்னுடைய இரண்டு போன்களிலும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் டிவியில் படம் போடுவேன். மாதேஸ்வரிக்கு இங்கிலீஷ் தெரியாது. அவள் நாகரசம்பட்டிக்காரி. தமிழ் பேசுவாள், பக்கத்து வீட்டு மங்கம்மாவிடம் தெலுங்கு பேசுவாள், பால்காரரிடம் கன்னடம் பேசுவாள். நான் நடுநடுவே கதையைத் தமிழில் சொல்வேன். பாதி நேரம் சொல்ல மறந்துவிடுவேன். வசனம் புரியாததால் அவள் முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் சொன்னாள்: “ஏங்க, இவ எந்த ரூமுக்குப் போனாலும் வெளிச்சம் இவ மூஞ்சி கூடவே போவுது பாத்தீங்களா? ஆனா அந்த ஊட்ல ஒருத்தர்கூட இவ மூஞ்சியப் பாக்கல.” நான் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். இன்னொரு தரம்: “இத்தினி படம் பாத்துட்டோம், ஒருத்தி கைகூட ஈரமாவலயே. தட்டெல்லாம் யாருங்க கழுவுறாங்க?” அதையும் எழுதினேன். வலைப்பூவில் வரும்போது அது ‘உழைப்பின் ஈரம் படாத கைகள்’ என்று பட்டுவேட்டி கட்டிக்கொண்டு வந்தது. எண்ணூறு பேர் படித்தார்கள். எங்கள் ஆபீசில் இருக்கும் லாவண்யா, “சார், ஒரு ஆம்பிளை இப்படிப் பாத்து எழுதறது ரொம்ப அபூர்வம் சார்” என்றாள். ஆகா, அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

திருடுகிறோம் என்று தோன்றவே இல்லையா என்று கேட்பீர்கள். சத்தியமாகத் தோன்றவில்லை. என் வீட்டில், என் டிவியில், நான் போட்ட படம். அவள் சொல்வது எனக்குள் தோன்றியது போலவே இருந்தது.

லாவண்யாதான் இந்தத் திரைப்படக் கூட்டத்தை நடத்துகிறவள். “ஆன்ட்டியையும் கூட்டிட்டு வாங்க சார்” என்று மூன்று தரம் சொன்னாள். மாதேஸ்வரி பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு, எனக்குச் சட்டை இஸ்திரி போட்டு, என்னைவிட முன்னால் கிளம்பி வாசலில் நின்றாள்.

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். “அந்த முத்துக்குமாரு இப்ப எங்க இருக்கான்?” என்று கேட்டாள்.

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு இன்ஸ்பெக்டருக்கும் ஒரு நம்பர் உண்டு. யார் கண்ணால் பார்த்தார்களோ அவர்கள் நம்பர்தான் பல்சக்கரங்களை அடுக்கிய அந்தத் தட்டின் சீட்டில் விழ வேண்டும். போன வருஷம் அனிதா என்கிற பெண் பார்த்து முடித்த தட்டுகளில் முத்துக்குமார் தன் நம்பரைக் குத்திவிட்டான். நான் லைனையே நிறுத்தி, எல்லோர் எதிரிலும் கத்தி, அவன் மேல் ரிப்போர்ட் எழுதினேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபடி பெருமையாகச் சொன்னேன். “அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சி?” என்று மாதேஸ்வரி கேட்டாள். “அது என்ன சொல்லும், பேசாம நின்னுச்சு” என்றேன்.

“பேக்கிங்ல போட்டுட்டாங்க” என்றேன் இப்போது.

“ம்” என்றாள். மூக்கண்டப்பள்ளி ஸ்டாப் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கத்து கத்தி, சமாதானமாகியிருப்பேன். அவள் வீட்டுக்கு வந்ததும் சூடாகத் தோசை ஊற்றினாள். அது இன்னும் கொடுமை.

அடுத்த நான்கு ஞாயிறும் படம் போட்டேன். அவளும் வந்து உட்கார்ந்தாள். “எப்படி நடிக்கிறா?” என்றால், “நல்லாத்தான் நடிக்கிறா.” “அந்த சீன்?” என்றால், “எனக்கு என்னங்க தெரியும், நீங்கதான் சொல்லணும்.” குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. அந்த நான்கு வாரமும் என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை. எழுத்து போனால் போகட்டும். அவள் பேசாத மதியங்களில் அந்தப் படங்களே செத்துக் கிடந்தன. இத்தனை வருஷம் நான் பார்த்தது படத்தையா, அவள் சொன்னதையா என்றே தெரியவில்லை.

நேற்று மூன்று மணிநேரம் உட்கார்ந்து பழைய பதிவுகளையெல்லாம் திறந்தேன். இருபத்திமூன்று இடத்தில் ‘இது என் மனைவி மாதேஸ்வரி சொன்னது’ என்று சேர்த்தேன். இன்றைக்கு மதியம் போனை அவளிடம் நீட்டினேன். அவள் ஊறவைத்த அவரைக்கொட்டையை முறத்தில் வைத்துத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நிதானமாகப் படித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“சரக்கு லாரி ஏறிப் போயிடுச்சிங்களே” என்றாள். “இப்ப நம்பர் குத்தி என்ன?”

இருபத்தாறு வருஷமாக நான் சோற்றைப் பிசைந்தபடி உளறிய கம்பெனிக் கதை ஒன்றையும் அவள் விடவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்து எத்தனை தரம் பேசியிருப்பேன்? யோசித்தேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

படத்தைப் போட்டேன். கதை சொல்லவில்லை. சத்தத்தையும் சுத்தமாகக் குறைத்துவிட்டேன். திரையில் ஒருவன் ஏதோ நீளமாகப் பேசிக்கொண்டிருந்தான். அவனெதிரே அந்தப் பெண் கையுறையைக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் திரையைப் பார்க்காமல் மாதேஸ்வரியையே பார்த்தேன். அவள் விரல்கள் நின்றன. கண் கொஞ்சம் சுருங்கியது. எதையோ கண்டுபிடித்துவிட்டாள், எனக்குத் தெரியும் அந்த முகம். உதடு பிரிந்தது. நான் மூச்சுவிடாமல் காத்திருந்தேன்.

அவள் குனிந்து அடுத்த கொட்டையை எடுத்தாள். பிதுக்கினாள். பருப்பு பாத்திரத்தில் விழுந்தது.