கணினிக்குள் இன்னொரு கணினி

இடிவிழுந்து பழைய கணினி கருகியதோடு ஸுல்பிகாவின் எம்ப்ரொய்டரி மெஷினும் நின்றுபோனது. கல்முனைக்குடியில் பெண்கள் அணியும் அபாயா அங்கிகளுக்குப் பூவேலை செய்து கொடுப்பவள் அவள். பூக்களின் வடிவத்தை மெஷினுக்கு அனுப்பும் மென்பொருள் அந்தக் காலத்து விண்டோஸில் மட்டும்தான் ஓடும்.

"மெஷினக் குடுத்துப் போட்டு புதுசு எடுப்பமா?" என்றான் கணவன் நஜீம்.

"அது நல்லாத்தான் இரிக்கி. அதோட கதைக்கிறத்துக்குத்தான் ஆளில்ல."

வீட்டில் நஜீமின் தங்கை நிப்லாவின் மடிக்கணினி இருந்தது. கம்பஸ் படிப்புக்கு லினக்ஸ், மற்றதற்குப் புதிய விண்டோஸ் என்று இரண்டு இயங்குதளங்களை அதில் வைத்திருந்தாள். மூன்றாவதாகப் பழைய விண்டோஸை ஏற்றப் பார்த்தார்கள். திரை நீலமாகி நின்றது.

"மதினி, என்ட படிப்பெல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கு," என்று நிப்லா பதறினாள்.

"முதல்ல அதையெல்லாம் வேற டிஸ்க்குல எடுத்து வை. மறுகா பாப்பம்."

இரண்டு நாள் தேடினார்கள். லினக்ஸுக்குள்ளேயே ஒரு பொய்க் கணினியை உண்டாக்கி, அதற்குள் பழைய விண்டோஸை ஓட்டலாம் என்று கண்டார்கள். அது ஏறியது. மென்பொருளும் திறந்தது. ஆனால் மெஷினின் வயரைக் குத்தினால் அங்கே ஒன்றும் தெரியவில்லை.

அபாயாவுக்குப் பூவேலை கேட்டிருந்த ஸம்ஸியா அன்று அழைத்தாள். வெள்ளிக்கிழமை அவளுடைய மகளுக்குக் கலியாணம். "ஏலாட்டி சொல்லுங்க, சாய்ந்தமருதுல வேற ஆளுக்கிட்ட குடுக்கிறன்."

"ஏலும்," என்றாள் ஸுல்பிகா.

வயரைக் கழற்றிக் கழற்றிக் குத்திப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் லினக்ஸின் மூலையில், புதுக் கருவி வந்திருக்கிறது என்று ஒரு அறிவிப்பு வந்து போனது.

"நிப்லா, இஞ்ச பாரு! வெளியில இரிக்கிற லினக்ஸ்தான் வயரப் புடிச்சி வெச்சிரிக்கி. உள்ளுக்குக் குடுக்க வழி இரிக்கா?"

நிப்லா அமைப்புகளைத் துருவினாள். வயரை உள்ளே கொடுக்கும் இடம் இருந்தது, ஆனால் அனுமதி இல்லை என்றது. அனுமதியைச் சேர்த்து, கணினியை அணைத்து மறுபடி போட்டார்கள்.

மெஷின் ஒரு தரம் கூவியது. ஊசி நகர்ந்தது.

முதல் இதழிலேயே நூல் அறுந்தது. ஸுல்பிகா சிரித்துக்கொண்டே கோர்த்தாள். அது அவளுக்குத் தெரிந்த வேலை. வியாழன் பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்பே அபாயா ஸம்ஸியாவின் வீட்டுக்குப் போய்விட்டது.

இப்போது ஒரே திரையில் நிப்லா ஒரு பக்கம் பாடம் எழுத, மறுபக்கம் பழைய விண்டோஸ் மெஷினுக்குப் பூ அனுப்புகிறது.

"நிப்லா, அந்த ஜன்னல மட்டும் மூடிராத!"

"ஓம் மதினி, ஓம்."