கிழக்குப் பாதியில் படுக்காத ஆடுகள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. திருமலைராயன்பட்டினத்தில் எங்கள் தெருவில் இருக்கும் எழில்மதி ஒரு நாள் வீட்டுக்கு வந்தார்.

"சார், கதையெல்லாம் எழுதுறீங்களே. எங்க அண்ணன் படிக்கிற மாதிரி ஒண்ணு எழுதுங்க. என் பேரு, அவரு பேரு ரெண்டையும் அப்படியே போடுங்க."

அண்ணன் நெடுமாறனும் தங்கையான இவரும் பேச்சை நிறுத்தி மூன்று வருஷமாகிறது. எனக்குக் கூலி ஒரு படி வேர்க்கடலை. விளைந்தால்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'கடல் முழங்கிக்கொண்டிருந்த அந்த அந்தி வேளையில்—'

(கதை ஆட்டுப் புழுக்கையைப் பற்றியது. கைவிட்டேன்.)

அடுத்தது: 'மண் ஒரு தாய். அவள்—'

எழில்மதி இதற்கு மேல் படிக்கவில்லை. "தாயா? எங்க மண்ணு சல்லடை சார். ஊத்துற தண்ணி, போடுற உரம் எல்லாம் நேரா கீழ போயிடும்."

3

ஆகவே தகவலாகவே சொல்லிவிடுகிறேன். பட்டினச்சேரி போகும் வழியில் அவர்களுக்கு ஒரு மணற்கொல்லை. அப்பா வைத்தியலிங்கம் ஒவ்வொரு கோடையிலும் அதில் கிடை போடுவார். ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வரும் ஆட்டு மந்தையை ராத்திரி வலை கட்டிக் கொல்லைக்குள் அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் விழுந்த மணல் கொஞ்சம் ஈரம் பிடிக்கும். ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்பார்கள். அந்த வருஷமே கடலை காய்க்கும்.

அப்பா போன பிறகு கொல்லையைக் கயிறு பிடித்து இரண்டாகப் பிரித்தார்கள். (இந்த இடத்தில் நெடுமாறனை வில்லனாக்க நினைத்தேன். கதைக்கு வசதி. மனிதர் ஒத்துழைக்கவில்லை. "நீயே மொதல்ல எடுத்துக்க எழிலு" என்றிருக்கிறார்.) சாலையை ஒட்டியிருக்கிறதென்று எழில்மதி கிழக்கை எடுத்தார். மேற்கு அண்ணனுக்குப் போயிற்று.

மேற்கில் கடலை கொத்துக் கொத்தாகக் காய்த்தது. கிழக்கில் விதைத்தது விதைத்த இடத்திலேயே காய்ந்தது. ஒரு கல்யாணப் பந்தியில், சொந்தக்காரர்கள் சாம்பார் சாதத்தில் கை வைத்த நேரத்தில், "தெரிஞ்சேதானே எனக்கு இதைத் தள்ளிவிட்டே?" என்று எழில்மதி கேட்டுவிட்டார். நெடுமாறன் பாதி இலையில் எழுந்து போனார். அன்றோடு பேச்சு நின்றது.

4

இந்தச் சித்திரையில் எழில்மதி தானே கிடை பேசினார். மந்தைக்காரரான கீதாரி கிழக்குப் பாதியின் நடுவில் வலை கட்டினார். இருட்டியதும் மணலை வாரி இறைக்கிற கடற்காற்று வந்தது. ஆடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டி மேற்கே நெருக்கின. விடிந்தபோது வலை சாய்ந்து கிடந்தது. மந்தை மொத்தமும் நெடுமாறன் பாதியில் நிம்மதியாகப் படுத்திருந்தது, எருவும் அங்கேதான்.

"வலை கட்டுனது நானு, படுக்குறது ஆடு. ரெண்டுக்கும் என்னைய கேட்டா எப்புடி தாயி?" என்றார் கீதாரி.

அப்போதுதான் எழில்மதிக்கு உறைத்தது. அப்பா காலத்தில் கொல்லை முழுவதற்கும் ஒரே வலை, ஆனால் இதே காற்று, இதே ஆட்டுப் புத்தி. எத்தனையோ கோடை எருவும் மேற்கேதான் விழுந்திருக்கிறது. அது அப்பாவுக்கும் தெரியவில்லை, அண்ணனுக்கும் தெரியவில்லை.

"அந்த மணல்லயே உக்காந்து அழுதேன் சார். எங்க அண்ணனை நாலு பேரு முன்னாடி அப்படிக் கேட்டுட்டேனே."

5

முடிவு ஒன்று: கிழக்குப் பாதி இறால் பண்ணைக்குப் போகிறது. (கேட்டு வந்தவர் இரண்டு தடவை வந்துவிட்டார். ஆடிக்குள் விதைக்க வழியில்லையென்றால் கொடுத்துவிடுவதாக எழில்மதி சொல்லியிருக்கிறார். உப்புத் தண்ணீருக்கு வரப்பு தெரியாது. அண்ணன் கடலையும் போகும்.)

முடிவு இரண்டு: தங்கை அண்ணன் வீட்டுக்குப் போகிறார், அண்ணன் கண்கலங்கி—

"போனேன் சார். அண்ணி காபி குடுத்தாங்க. அவரு கொல்லப்பக்கம் போயிட்டாரு."

முடிவு மூன்று: தீனி கிடந்தால் ஆடு காற்றை எதிர்த்தும் நிற்கும் என்கிறார் கீதாரி. காய் பறித்துக் காயவைத்த கடலைக்கொடி போட்டால் தின்றுவிட்டு அங்கேயே படுக்குமாம். கிழக்கில் கடலை விளையாததால் கொடி இல்லை. கொடி இல்லாததால் ஆடு படுக்காது. ஆடு படுக்காததால் கடலை விளையாது. அந்தப் பக்கத்திலேயே ஒரே ஒரு கொடிப் போர்தான் இருக்கிறது, மேற்குப் பாதியில். அதன் சொந்தக்காரருக்கு மாடும் கிடையாது, ஆடும் கிடையாது.

6

இந்த இதழ் வாங்கும் முடிதிருத்தும் கடைக்கு நெடுமாறன் ஞாயிறுதோறும் வருவார். மற்ற வாசகர்கள் மன்னிக்கவும். இதற்கு மேல் உங்களுக்கு வேலையில்லை.

நெடுமாறன் அவர்களே, உங்கள் தங்கை சொன்னதை அப்படியே தருகிறேன்: "அண்ணனுக்கு அது தெரியாதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எழுதுங்க. அது போதும்."

"கொடி வேணும்னு எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம் சார். கேட்டா குடுத்துடுவாரு. கேக்காம குடுக்கணும்."

ஆகவே கொடியைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. முடிவு மூன்றை முழுவதும் அடித்துவிட்டேன். அச்சில் வந்திருந்தால் அது அச்சகத்தாரின் கவனக்குறைவு.

வைகாசி அமாவாசை வரை கிடை இருக்கும். இருட்டியதும் காற்று கிழக்கிலிருந்துதான் வரும்.