ஏழு மணி ஜெபம்

“இந்த நாற்காலிதான் உங்க அப்பா. மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டு. திட்டணும்னா திட்டு” என்றாள் மாரிச்செல்வி.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளி ஒன்றில் மனநல ஆலோசகராக அவள் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எதிரே உட்கார்ந்திருந்த பெனின், ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பிளஸ் டூ மாணவன். முதுகெல்லாம் வீங்கிக் கிடந்தது. பரீட்சையில் பெயிலானதற்கு, மில்லில் ஃபிட்டராக இருக்கும் அப்பா தேவஇரக்கம் பெல்ட்டைக் கழற்றியிருந்தார். அடியைக்கூடத் தாங்கிவிடுவான். அன்று தன் கை அரிவாள்மனையின் பக்கம் போனதுதான் அவனை நடுங்க வைத்தது.

“வேண்டாம் மிஸ். பெத்தவங்களத் திட்டக் கூடாது. ஆண்டவரோட கட்டளை.”

“இங்க யாரும் கேக்கப் போறதில்ல. கட்டளையெல்லாம் செத்த நேரம் மறந்துரு.”

மறப்பதற்கு அது என்ன பஸ் நம்பரா? படித்த படிப்பை அப்படியே எல்லார் தலையிலும் கட்டினால் இதுதான் கதி! அவள் விடாமல் வற்புறுத்த, பெனின் நாற்காலியைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். சொன்ன மறுகணமே, “பாவம் பண்ணிட்டேனே!” என்று அலறி, அலமாரிக் கண்ணாடியில் ஓங்கிக் குத்தினான். கண்ணாடி சிதறியது. ரத்தம் கொட்டும் அதே கையால் தன் வாயிலேயே அறைந்துகொண்டான்.

ஆஸ்பத்திரியில் ஏழு தையல் போட்டார்கள். முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை, அங்கே பெஞ்சில் உட்கார்ந்துதான் மாரிச்செல்வி கேட்டாள்.

“மனசுல உள்ளத யார்ட்டப்பா சொல்லுவ?”

“ஆண்டவர்ட்டதான். ஏழு மணிக்கு வீட்ல ஜெபம். ஒவ்வொருத்தரா சத்தமா ஜெபிப்போம்.”

“அப்பா குறுக்க பேசுவாரா?”

“ஒருத்தர் ஜெபிக்கையில யாரும் பேச மாட்டாவ மிஸ்.”

“அப்போ அங்க சொல்லு. திட்ட வேண்டாம், நடந்தத மட்டும் சொல்லு. நானும் கூட வாரேன்.”

அன்று மாலை, மாரிச்செல்வி பின்னால் வர, கட்டுப்போட்ட கையோடு மகன் வாசல் ஏறியதுமே தேவஇரக்கம் பாய்ந்தார். “ஏலே, எவன்கூடலே சண்டை போட்ட?” என்று சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதி, கன்னத்தில் ஓர் அறை விட்டார். அம்மா ஏசம்மாள் குறுக்கே புகுந்து, “மணி ஏழாச்சு!” என்றாள். அந்த மணிக்கு மட்டும் அவர் கட்டுப்படுவார். பாயில் உட்கார்ந்து கண்களை மூடினார். நெற்றிக் குங்குமத்தோடு மாரிச்செல்வியும் ஓரமாக உட்கார்ந்தாள்.

பெனினின் முறை வந்தது.

“ஆண்டவரே, வெள்ளிக்கிழம அப்பா என்னய பெல்ட்டால அடிச்சாவ. பக்கிள் பக்கமா அடிச்சாவ. பொறவு நான் அரிவாள்மனையத் தொட்டுட்டேன். அவியள வெட்டணும்னு தோணிச்சு. இன்னொரு தடவ அடிச்சா வெட்டிருவேனோன்னு பயமா இருக்கு. அப்பான்னா எனக்கு உசுரு. என் கைய நீரே பிடிச்சிக்கிடும்.”

தேவஇரக்கம் துள்ளி எழுந்து கையை ஓங்கினார்.

“ஏங்க! ஜெபத்துலயா?” என்று ஏசம்மாள் கத்தினாள்.

ஓங்கிய கை நின்றது. பெனின் கண்ணைத் திறக்கவில்லை. விழப்போகும் அடிக்காகத் தோளை மட்டும் குறுக்கிக்கொண்டான். அதைப் பார்த்ததும் மனுஷனுக்குக் கை தானாகக் கீழே இறங்கியது.

“என்னயக் கண்டா அம்புட்டுப் பயமாலே?” என்று கேட்டவர் அப்படியே உடைந்து அழுதார்.

“இனி பெல்ட்டைத் தொட்டா நானே குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடுவேன் ஐயா” என்றாள் மாரிச்செல்வி. “நாளைக்கு அவனோட நீங்களும் பள்ளிக்கூடத்துக்கு வாங்க.”

“வாரேன்மா. நீங்க சொல்லியிருந்தா வெளிய போன்னு விரட்டியிருப்பேன். அவன் எதுத்துப் பேசியிருந்தா கொன்னுருப்பேன். ஆண்டவர்ட்ட சொல்லும்போது என்னால காத மூடிக்க ஏலல.”

மாரிச்செல்வி பெனினின் பக்கம் திரும்பினாள்.

“என்னய மன்னிச்சிரு தம்பி. அப்பா பெல்ட்டால அடிச்சாரு, நான் பேச்சால அடிச்சேன். ஒரு புள்ள எந்த வீட்ல, என்ன நம்பிக்கையில வளந்துச்சுன்னு கேக்காம சொல்ற ஆறுதலும் அடிதான்.”