தலைமை, முன்னிலை, கரப்பந்தாட்டம்

ஹட்டனில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் நடந்த அந்த வகுப்புக்கு 'நிகழ்ச்சி மற்றும் விளையாட்டு முகாமைத்துவ டிப்ளோமா' என்று பெயர். 2004ஆம் ஆண்டு ஜெயந்தினி அதில் சேர்ந்த நாளிலிருந்து தோட்டத்தில் ஒருவராவது அந்தப் பெயரை முழுதாகச் சொன்னதில்லை. "வெளையாட்டு படிக்கிற புள்ள" என்றார்கள். மலையில் கொழுந்தெடுக்கும்போது அவளுடைய அம்மா நாகலெட்சுமியிடம், "ஒம் மக பந்து பொறுக்கப் படிக்குதாமே, அதுக்கெல்லாமா பரிச்ச வைக்கிறாங்க?" என்று கேட்டார்கள். நாகலெட்சுமி அதைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடையை இறக்கி வைப்பதற்கு முன்பே மகளிடம் ஒப்படைத்தாள்.

பரீட்சை இருக்கத்தான் செய்தது. அதுவும் எழுதுகிற பரீட்சை அல்ல. ஒவ்வொரு மாணவரும் தன் ஊரில் ஒரு நிகழ்ச்சியை உண்மையாகவே நடத்திக் காட்ட வேண்டும். பார்த்துப் புள்ளியிட, விரிவுரையாளர் துரைராசா நேரில் வருவார். யாழ்ப்பாணத்துக்காரரான அவர் மலையகத்துக்கு வந்து இருபது வருடமாகியும் பேச்சிலும் நேரத்திலும் அணுவளவும் மாறாதவர்.

"துவங்கின நிகழ்ச்சி முடியோணும் பிள்ளையள்," என்று வகுப்பில் சொல்லியிருந்தார். "மழை வந்தது, கரண்ட் போனது எண்டு கதை சொல்லக்கூடாது. பரிசு குடுக்கிறதை நான் என்ர கண்ணால பாக்கோணும். பாக்காட்டி அடுத்த வருசம் திரும்பச் செய்யுங்கோ."

ஜெயந்தினிக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது. கொழும்பில் விளையாட்டுப் போட்டிகளும் கலைநிகழ்ச்சிகளும் ஒழுங்கு செய்கிற ஒரு நிறுவனம், இந்த முறை சித்தியடைகிறவர்களில் ஒருவரை வேலைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தது. வகுப்பில் முதல் இடத்தில் இருந்தவள் அவள்தான். இது தவறினால் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிற தாய்மாரின் குழந்தைகளைத் தொட்டிலாட்டுகிற வேலை அவளுக்காகக் காத்திருந்தது. பெரிய கிளார்க்கர் அதை இரண்டு தடவை ஞாபகப்படுத்தியும் விட்டார்.

ஆகவே அவள் யோசித்து, சிக்கலில்லாத ஒன்றைத் தெரிவு செய்தாள். தோட்டத்தின் இரண்டு பிரிவுகளான மேல்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்கும் இடையே ஒரு கரப்பந்தாட்டப் போட்டி. இரண்டு கணக்கிலும் விளையாட ஆள் இருந்தது. தேயிலை ஸ்டோருக்குப் பக்கத்தில் மைதானம் இருந்தது. வலை கூட இருந்தது. இல்லாதது நோட்டீஸ் ஒன்றுதான். தலவாக்கலையில் அதை அச்சடித்தாள். பாடத்தில் சொல்லித்தந்தபடியே நிகழ்ச்சியின் பெயர், இடம், திகதி, நேரம். வேறொன்றும் இல்லை. பார்க்கச் சுத்தமாக இருந்தது.

நோட்டீஸ் ஒட்டிய அன்றே, மேல்கணக்கின் தொழிற்சங்கத் தலைவர் பழனியாண்டி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவள் வாசலுக்கு வந்துவிட்டார். ஒரு நோட்டீஸைச் சுவரிலிருந்து உரித்துக் கையிலேயே கொண்டுவந்திருந்தார்.

"என்னா புள்ள இது?"

"நோட்டீசு பெரியப்பா."

"தெரியுது. பேரு எங்க?"

"எந்தப் பேரு?"

"தலைமைன்னு ஒரு பேரு வரும். முன்னிலைன்னு ஒண்ணு வரும். பெறகு செறப்பு விருந்தினர். அதுக்குக் கீழ கௌரவ விருந்தினர். கோயில் திருவிழாவுல இருந்து கக்கூசு தெறப்பு வரைக்கும் அப்புடித்தான். இதுல மொட்டையா 'கரப்பந்தாட்டம்'னு போட்டிருக்க. யாரு ஆடுறா, யாரு ஆட்டுறா?"

"அணிங்கதான் ஆடும் பெரியப்பா. பேரு போட்டா பாக்குறவுங்க கண்ணு முக்கியமான விசயத்துல நிக்காதுன்னு எங்க பாடத்துல..."

"அப்ப நாங்க முக்கியமில்ல," என்றார் பழனியாண்டி. குரலில் கோபம்கூட இல்லை. கணக்கு முடித்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. "நல்லது. மேல்கணக்குல இருந்து யாரும் பந்தத் தொடமாட்டாங்க."

கீழ்க்கணக்குத் தலைவர் சோலைமலை வேறு சங்கத்தைச் சேர்ந்தவர். பழனியாண்டி இடதுபக்கம் நடந்தால் இவர் வலதுபக்கம் நடப்பார். இந்த விசயத்தில் மட்டும் இருவரும் ஒரே பக்கம் நடந்தார்கள். பழனியாண்டி சொல்லித்தான் தன் பெயர் விடுபட்டது என்று சோலைமலை முடிவு கட்டியிருந்தார். ஜெயந்தினி அவரிடம் போய், "அவரு பேரும்தான் இல்லீங்களே மாமா," என்றாள்.

"அதுதாம்மா தந்திரம். எம் பேர வெட்டுறதுக்காகத் தம் பேரையும் வெட்டிக்கிட்டான். அவன் அதுக்கும் துணிஞ்ச ஆளு."

அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்தபடியே அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பேரப் போட்டுட்டுப் போயேண்டி," என்றாள் நாகலெட்சுமி. "மையா தீந்துபோகுது?"

"யாரு பேர அம்மா மொதல்ல போடுறது?"

நாகலெட்சுமி குழம்புச் சட்டியை எடுத்தாள். மகளுடைய தட்டில் குழம்பை ஊற்றினாள்.

மறுநாள் பஸ்ஸில் போகும்போதுதான் அந்த யோசனை வந்தது. ஹட்டனில் கணினியில் அச்சு வேலை செய்கிற கடையொன்றில், நடுவில் ஒரு பந்துப் படம் போட்டு, அதைச் சுற்றி வட்டமாகப் பெயர்களை வரவைத்தாள். வட்டத்துக்கு முதலும் கிடையாது, கடைசியும் கிடையாது. பழனியாண்டியின் பெயர் மேல்வளைவிலும் சோலைமலையின் பெயர் கீழ்வளைவிலும் ஓடியது. திகதியும் இடமும் அடியில். கடைக்காரரே பாராட்டினார். தானும் கொஞ்சம் தன்னைப் பாராட்டிக்கொண்டு அவள் ஊருக்கு வந்தாள்.

மேல்கணக்கில் நோட்டீஸ் ஒழுங்காக ஒட்டப்பட்டிருந்தது. கீழ்க்கணக்குக்கு இறங்கிப் போனவள் கோயில் சுவரடியில் நின்றுவிட்டாள். அங்கே எல்லா நோட்டீஸும் தலைகீழாக இருந்தது. சோலைமலையின் பெயர் மேலே வந்திருந்தது. திகதியை வாசிப்பதற்காக ஒரு பெண் கழுத்தை முழுவதுமாகச் சாய்த்து நின்றாள்.

"மாமா, நோட்டீசு தலைகீழா இருக்கு."

"பந்துக்கு ஏதும்மா மேலயும் கீழயும்," என்றார் சோலைமலை. "அழகா செஞ்சிருக்க. படிச்ச புள்ளன்னா புள்ளதான்."

அவள் வாதாடவில்லை. இரண்டு தலைவர்களும் வர ஒத்துக்கொண்டார்கள், இரண்டு அணிகளும் பந்தைத் தொடும். அது போதும். மைதானத்தில் மாலை மூன்று மணிக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கும் என்பதால் ஒரு மணிக்குத் தொடங்கி இரண்டரைக்குள் முடிக்கும்படி நேரத்தை வகுத்தாள். ஆளுக்கு ஐந்து நிமிடம் உரை. அதை இருவரிடமும் சொல்லி, சம்மதமும் வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. துரைராசா சொன்ன நேரத்துக்கு முன்பே கோப்போடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். முதலில் மங்கள விளக்கு. பிறகு மாலை. பழனியாண்டி தனக்கும் வந்தவர்களுக்குமாக மாலை கொண்டுவந்திருந்தார். அதைக் கேள்விப்பட்டு சோலைமலையும் கொண்டுவந்திருந்தார். ஒருவர் போட்ட மாலையை மற்றவருடைய ஆள் ஏற்கும்போது பதில் மாலை போட வேண்டியிருந்தது. மாலை தீர்ந்ததும் பொன்னாடை. துரைராசாவுக்கு இரு தரப்பும் போட்டதில் கழுத்து மறைந்து, மடியிலிருந்த கோப்பும் மறைந்தது.

பழனியாண்டி ஒலிவாங்கியைப் பிடிக்கும்போது மணி இரண்டரை தாண்டியிருந்தது. ஐந்து நிமிடத்தில் அவர், தோட்டத்து முன்னோர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேறுகிற இடத்துக்குத்தான் வந்திருந்தார். ஜெயந்தினி 'நேரம் முடிந்துவிட்டது' என்று ஒரு காகிதத் துண்டில் எழுதி நீட்டினாள். அவர் அதை வாங்கி ஒலிவாங்கியிலேயே வாசித்தார்.

"இந்தா ஒரு துண்டு வந்திருக்கு. நேரம் முடிஞ்சிருச்சாம். யாருக்கு முடிஞ்சிருச்சு? நமக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லன்னுதான் நான் சொல்ல வர்றேன்."

கை தட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் சோலைமலை, தன் முறைக்காகத் தொண்டையைச் செருமிச் செருமித் தயார்ப்படுத்திக்கொண்டிருந்தார். அணிகள் இரண்டும் வலைக்கு இருபக்கமும் குந்தியிருந்தன. மேலே, மலையுச்சியில் இருந்த கோயிலைக் காணவில்லை. பனி வந்து அதை மூடியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குக் கீழிருந்த சவுக்கு மரங்களும் போயின.

நடுவராக இருந்தவன் தபால் கந்தோரில் வேலை செய்கிற சுதாகரன். ஜெயந்தினி நேரே அவனிடம் போனாள்.

"விசில ஊதுங்க."

"தலைவர் பேசிக்கிட்டிருக்காரு."

"பேசட்டும். ஊதுங்க."

"ஏசுவாங்க ஜெயந்தினி."

"என்னையத்தானே ஏசுவாங்க. எனக்குப் பழகிப்போச்சு."

சுதாகரன் ஊதினான். பந்து மேலே போனது. மைதானம் முழுவதும் ஒரேயடியாகத் தலையைத் திருப்பியது. பழனியாண்டி, லயம் கட்டிய வரலாற்றின் நடுவில், கேட்க ஆளில்லாமல் நின்றார். முகம் கறுத்தது. ஜெயந்தினி அவருடைய காதருகே போனாள்.

"பெரியப்பா, சனம் இப்ப பந்தத்தான் பாக்கும். நீங்க பந்தப் பத்திப் பேசினீங்கன்னா ஒங்களையும் கேக்கும்."

அவர் ஒரு கணம் அவளையும் ஒரு கணம் பந்தையும் பார்த்தார். பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "அதாவது, அன்பார்ந்த தோழர்களே, மேல்கணக்குத் தம்பி இப்ப பந்தத் தூக்குறாரு. தூக்கிட்டாரு. அடிச்சிட்டாரு. கீழ்க்கணக்குக்காரவுங்க பாத்துக்கிட்டே நிக்கிறாங்க, எப்பவும் போல."

சோலைமலை எழுந்துவிட்டார். "மைக்க இங்கிட்டுக் கொடுக்கச் சொல்லும்மா. இல்ல, என் ஆளுங்கள வெளிய கூப்புடுறேன்."

இரண்டு நிமிடத்துக்குள் ஒரு விதி போட வேண்டியிருந்தது. அது எந்தப் பாடத்திலும் இல்லை. "எந்த அணி செர்வீஸ் போடுதோ, அந்தக் கணக்குத் தலைவர் கையில மைக்," என்றாள். இருவரும் அதில் குறை தேடினார்கள். கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒலிவாங்கி கை மாறி மாறிப் போனது. சோலைமலை, "மேல்கணக்கு உசரமான எடம்தான், ஆனா பந்து உசரத்துல நிக்கலியே," என்றார். பழனியாண்டி, "கீழ்க்கணக்கு நெட்டுலயே அடிக்குது, அவுங்களுக்கு நெட்டுதான் எல்ல," என்றார். லயங்களில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் ஒலிபெருக்கி கேட்டது. ஈரக்கையோடு இறங்கி வந்தார்கள். முதல் சுற்று மேல்கணக்குக்கு, இரண்டாவது கீழ்க்கணக்குக்கு. துரைராசா பொன்னாடையை விலக்கிக் கோப்பைத் தேடி எடுத்து, எழுதாமல் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது சுற்றில் இரு பக்கமும் பதினான்கு. அப்போது பனி வந்து மைதானத்தில் உட்கார்ந்தது. பந்து மேலே போனால் காணவில்லை, இறங்கும்போது தோளில் விழுந்தது. அடுத்த அடியை எடுக்கப் பாய்ந்த ஒருவன் கோட்டைத் தாண்டி ஓரத்து வடிகால் கானுக்குள் காலை விட்டான். முழங்கால் கிழிந்ததோடு போயிற்று. சுதாகரன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். துரைராசாவும் பார்த்தார்.

ஆட வைத்தால் யாராவது காலை முறிப்பார்கள். நிறுத்தினால் நிகழ்ச்சி முடியவில்லை. பழனியாண்டியும் மாலைகளும் ஐந்து நிமிடத்தில் இறங்கியிருந்தால் இதெல்லாம் நல்ல வெயிலிலேயே முடிந்திருக்கும் என்ற எரிச்சல் அவளுக்குத் தலை வரைக்கும் ஏறியது. தலைவர்கள் இருவரையும் ஒலிவாங்கியிலிருந்து தள்ளி இழுத்துக்கொண்டு போனாள்.

"ரெண்டு அணியும் சமம்னு அறிவிப்போம்," என்றாள்.

"சமமா?" என்றார் பழனியாண்டி. "இந்தாளும் நானுமா?"

"அதத்தான் நானும் கேக்கிறேன்," என்றார் சோலைமலை.

"சரி. அப்ப பனியிலயே ஆடட்டும். ரெண்டு பாயிண்டுதான். யாரு தோக்குறாங்களோ, அந்தத் தலைவர்தான் மைக்குல முடிவ அறிவிக்கணும். சொந்த வாயால. லயம் பூரா கேக்குற மாதிரி."

இருவரும் மைதானத்துப் பக்கம் திரும்பினார்கள். வலை கூடச் சரியாகத் தெரியவில்லை. பந்து யார் பக்கம் விழும் என்று சொல்ல அங்கே சாமியால்தான் முடியும். பழனியாண்டி சால்வையைச் சரிசெய்தார்.

"புள்ளைங்க கால ஒடச்சுக்கப் போவுதுங்க," என்றார் மெதுவாக.

"நானும் அதுதான் யோசிச்சேன்," என்றார் சோலைமலை. "விளையாட்டுல மனுசன் முக்கியம்."

ஒலிவாங்கியை இருவரும் ஒன்றாகப் பிடித்து, ஒருவருடைய சொல்லை மற்றவர் மிதித்துக்கொண்டு, இணை வெற்றி என்று அறிவித்தார்கள். வெற்றிக் கிண்ணத்தை இரண்டு அணித் தலைவர்களும் ஆளுக்கொரு காதில் பிடித்து உயர்த்தினார்கள். ஒரு முழம் தூரத்தில் நின்று துரைராசா அதைத் தன் கண்ணால் பார்த்தார். கோப்பைத் திறந்து கையெழுத்திட்டு அவளிடம் காட்டினார். 'நிறைவு பெற்றது.'

"நேரம் பிந்தித் துவங்கினதுக்கு மார்க்ஸ் வெட்டியிருக்கிறன் பிள்ளை."

"வெட்டுங்க சேர்."

"மைக்குக்குப் போட்ட அந்த விதிக்குக் கொஞ்சம் கூட்டியுமிருக்கிறன். கொழும்புக்கு உம்மட பேரைத்தான் அனுப்புவன். ஆனா உந்த விதியை எந்தப் புத்தகத்தில படிச்சனீர் எண்டு எனக்கு விளங்கேல்லை."

அவளுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. தலையை ஆட்டிவிட்டு வலையை அவிழ்க்கப் போனாள். பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். பனிக்குள் பழனியாண்டியும் சோலைமலையும் கிண்ணத்தை நடுவில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"புள்ள, இது மொதல்ல யாரு கணக்குல இருக்கணும்? மேல்கணக்குல ஆறு மாசம், பெறகு..."

"ஏன் மொதல்ல மேல்கணக்குல?" என்றார் சோலைமலை. "நீயே சொல்லும்மா. நீ படிச்ச புள்ள."

ஜெயந்தினி வலையின் முடிச்சை உருவினாள். "நிகழ்ச்சி முடிஞ்சிருச்சுங்க," என்றாள். "சேர் கையெழுத்துப் போட்டுட்டாரு. இனி இதச் சொல்றதுக்கு அடுத்த வருசம் யாராவது வெளையாட்டு படிச்சிட்டு வருவாங்க. அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் பிடிச்சிக்கிட்டே நில்லுங்க."