மைலுக்கு இருபது வீடு

கேபிள் கம்பெனி அதிகாரி கெண்ட்ரிக் "ஏழு" என்று சொன்னபோது என் கை கேமராவில் இருந்தது. எங்கள் ஊர் கேபிளில் நகரசபைக் கூட்டத்தை நேரலையாகக் காட்டும் சேனல் ஒன்று உண்டு. மாதம் இரண்டு முறை நான்தான் படம் பிடிப்பேன். பிடிக்கிறவன் வாய் திறக்கக் கூடாது. பதினொரு வருஷமாக நானும் திறந்ததில்லை.

கேபிள் கம்பெனியோடு ஊர் போட்ட பதினைந்து வருஷ ஒப்பந்தம் அந்த வாரத்தோடு முடிகிறது. புதுப்பித்தால் பழைய கம்பிகளைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி இழை போடுவார்கள். ஆனால் மைலுக்கு இருபது வீடாவது இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் புதியதும் வராது, பழையதும் போய்விடும். எதிர்மலைச் சரிவில் ஒரு மைல் நீளத்துக்கு ஏறும் ஸ்லேட் ஹாலோ என்ற குடியிருப்புக்குக் கம்பெனி போட்ட கணக்குதான் அந்த ஏழு. என் தங்கை வெர்னா அங்கேதான் இருக்கிறாள். அவள் புருஷன் நெஞ்சில் வைத்த கருவி தினமும் ஆஸ்பத்திரிக்குச் செய்தி அனுப்புவது அந்தக் கம்பி வழியாகத்தான். தலைகீழாக நின்றாலும் அங்கே செல்போன் சிக்னல் கிடைக்காது.

கெண்ட்ரிக்கைக் குறை சொல்ல முடியாது. டிசம்பரில் வந்து மலையடிவாரத்துத் தபால் பெட்டிகளை வீட்டுக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டு போயிருக்கிறார். தபால் வண்டி மேலே ஏறாது என்பதால் ஹாலோக்காரர்கள் பெட்டிகளை அடிவாரத்திலேயே நட்டிருக்கிறார்கள். அதிலும் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று மூன்று குடும்பத்துக்கு ஒரு பெட்டி. சண்டை போட்டுப் பிரிந்தவர்கள்தான் தனிப்பெட்டி வைப்பார்கள். பிட்ஸ்பர்கிலிருந்து வருகிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

நகரசபைத் தலைவி டொலோரஸ், ஹார்டுவேர் கடைக்காரி, இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். மதியத்திலிருந்து மலைச் சாலையைப் பனி மூடிவிட்டதால் ஹாலோவிலிருந்து ஒருவரும் வரவில்லை. கெண்ட்ரிக் எழுந்து நின்றே பதில் சொன்னார்.

"நீங்க சொல்றத நம்பறேன் மேடம். ஆனா கண்ணால பாக்காம கையெழுத்துப் போட்டா என் வேலை போயிடும்."

டொலோரஸ் ஜன்னல் திரையை மேலே ஏற்றினாள். மணி ஐந்தரைதான், அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. குளிருக்குக் கனத்த திரை போட்டு, விருந்தாளி வந்தால் மட்டுமே வாசல் விளக்கு ஏற்றும் சிக்கனக்காரர்கள் ஹாலோக்காரர்கள். மலை மொத்தமும் கறுப்பாகக் கிடந்தது. அவள் என் கேமராவை நேராகப் பார்த்தாள்.

"ஹாலோக்காரங்களா, பாத்துட்டுதான் இருப்பீங்க. குடியிருக்கிற வீடு ஒவ்வொண்ணும் வாசல் விளக்கப் போடுங்க. கார் கொட்டாய் விளக்கப் போட்டு ஏமாத்தினா அப்புறம் என் கடைப் பக்கம் வரவே வராதீங்க."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சரிவின் அடியில் ஒரு மஞ்சள் புள்ளி. அதற்கு மேலே இரண்டு. அந்தப் பழைய கம்பி அவள் குரலை வீடு வீடாக மேலே கொண்டுபோவதை நான் கண்ணால் பார்த்தேன். நாற்பது வருஷமாகப் பார்க்கும் மலைதான், அதில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அன்றுதான் உறைத்தது. கெண்ட்ரிக் தானாகவே ஜன்னலருகே போய் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். பன்னிரண்டு, பதினாறு, பதினெட்டு.

பத்தொன்பதில் நின்றுவிட்டது.

எது வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆக உச்சியில், பாறைக்கு இடதுபுறம், வெர்னாவின் வீடு. அந்த வாசல் பல்பு அக்டோபரிலேயே போய்விட்டது. அவள் புருஷன் இப்போது ஏணி ஏறக் கூடாது. வந்து மாற்றித் தருகிறேன் என்று சொன்னவன் நான்.

"வெர்னா," என்றேன். சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "எதையாவது காட்டுடி."

உச்சியில் ஒரு சின்ன வெளிச்சம் வெளியே வந்தது. கைவிளக்காகத்தான் இருக்க வேண்டும். கண்ணாடியில் நெற்றி பட நின்ற கெண்ட்ரிக்கின் வாய் அடுத்த எண்ணுக்காகத் திறந்தபடி இருந்தது. வெளிச்சம் பனிக்குள் நாலடி நடந்து, நின்று, தலைக்கு மேலே உயர்ந்து, இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது.