நாலு மைல் பிசகு

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நடுக்கடலில் நாலு மைல் காணாமல் போன கதையைச் சொல்கிறேன்.

அது ஒரு சரக்குக் கப்பல். மூன்று நாளாக ஒரே மேகம். சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. பின்னால் கயிறு கட்டி இழுத்துவந்த தூரமானியும் அறுந்து தொலைந்துவிட்டது. இயந்திரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்துத்தான் வந்த தூரத்தைக் கணக்குப் போட வேண்டும். முன்னால் தண்ணீருக்கடியில் ஒரு பாறை. அதற்கு மூன்று மைல் இருக்கும்போதே கப்பலைத் திருப்பியாக வேண்டும்.

தலைமைப் பொறியாளர் மேலே வந்தார், சட்டைப்பையிலிருந்து, நடுச்சட்டத்தை நகர்த்திக் கணக்குப் போடுகிற ஸ்லைடு ரூலை உருவினார், ஒரு தள்ளுத் தள்ளி, “எண்ணூத்தி அறுபது மைல்” என்றார். கேப்டன் தலையாட்டினார். இரண்டு மணிக்குத் திருப்பம் என்று முடிவாயிற்று.

வரைபடத்தில் இடம் குறிக்கிற இரண்டாம் அதிகாரிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அதே சுற்றுகளை மடக்கை அட்டவணை வைத்து மெனக்கெட்டுப் போட்டுப் பார்த்தார். எண்ணூற்று அறுபத்து நான்கு! அப்படியென்றால் பாறை நாலு மைல் கிட்டத்தில்; இரண்டு மணிக்குள் கப்பல் அதன்மேல் ஏறிவிடும். இன்னொரு தடவை போட்டார். அதேதான். மணி ஒன்று.

பொறியாளர் அவருடைய அக்கா புருஷன். கேப்டனுக்கோ வாயைத் திறந்தால் தேள்கொட்டு. நேரே கேப்டனிடம் போனால் மச்சானின் மானம் கப்பலேறும். போகாவிட்டால் கப்பலே போய்விடும். கீழே இறங்கினார்.

“மச்சான், நாலு மைல் உதைக்குது.”

“அட போ மாப்ளே! நீ புஸ்தகத்தப் பொரட்டி முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு தூக்கமே போட்டு எந்திரிச்சிடுவேன். ரூல்ல முன்னபின்ன இருக்கும்தான்.”

“ஒரு மைலு, மிஞ்சிப்போனா ஒன்றரை. கண்ணு பிசகினா அவ்வளவுதான் வரும். நாலு எப்படி வரும்? அந்த ரூலக் கொஞ்சம் குடுங்க.”

இரண்டாம் அதிகாரி அதை வாங்கி, நடுச்சட்டத்தின் இடது முனையில் ‘1’ என்றிருந்த கோட்டை அடிச்சட்டத்து ‘1’-க்கு நேராக வைத்தார். வலது முனையும் சேர வேண்டுமல்லவா? சேரவில்லை. அரை மில்லிமீட்டர் குறைந்தது.

பொறியாளர் முகம் செத்துப்போனது. “பழைய நடுச்சட்டம் ஈரத்துல ஊதி இறுகிப்போச்சுடா. வேற ரூல்லருந்து உருவிப் போட்டேன். பாய்லர் பக்கமே கெடந்தது அது. சூட்டுல சுருங்கியிருக்கு.”

“கேப்டன்கிட்ட நான் பக்குவமா...”

“நீ ஒண்ணும் பூசி மெழுக வேணாம். என் தப்பு, நானே சொல்றேன்.”

எண்ணெய்க் கையைக்கூடத் துடைக்காமல் படியேறினார். கேப்டன் திட்டியது பாய்லர்வரை கேட்டதாம். ஆனால் இருபது நிமிஷம் முன்னதாக, ஒன்று நாற்பதுக்கே, கப்பல் திரும்பியது. சற்று நேரத்தில் பக்கவாட்டில், தூரத்தில், அந்தப் பாறைமேல் வெள்ளையாக அலை உடைந்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

“அக்காகிட்ட இதச் சொல்லித் தொலைக்காத மாப்ளே” என்றார் பொறியாளர்.

தப்பைக் கண்டதும் தயங்காமல் சொல்கிறவரும், அதைத் தானே போய் ஒப்புக்கொள்கிறவரும் உங்கள் வீட்டில் குறையாதிருக்கட்டும். வெளியே போனவர்கள் எல்லாரும் சுகமாக வாசல் ஏறட்டும், கண்ணுகளா.